சிஸ்டர் வருகிற இடம்

வினோதினிக்கு ஆங்கிலம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பள்ளிக்கூடத்தில் விசாரித்தால் வேறு மாதிரி சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் ஆங்கிலப் பத்தியைத் தங்குதடையில்லாமல் ஒப்பிக்கிறவள் அவள்தான். அதிகாரிகள் யாராவது வகுப்புக்குள் எட்டிப் பார்த்தால் ஆசிரியர் எழுப்பி நிறுத்துகிற பெண்ணும் அவள்தான். கணீரென்று சொல்லி முடித்து உட்கார்ந்துகொள்வாள். வந்தவர்கள் ‘வெரி குட்’ என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். இப்போது சொன்னாயே, அதற்கு என்னம்மா அர்த்தம் என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதும், அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். கேட்கிற அளவுக்கு யாருக்கு நேரம் இருந்தது?

அவளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கடலோர மீனவ ஊர்களான கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் காரைக்கால்மேட்டிலிருந்தும் அந்த அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் படித்தார்கள். ஆங்கில ஆசிரியர் குணசேகரன் நெடுங்காட்டுப் பக்கத்துக்காரர், வயல் பார்த்து வளர்ந்தவர், கடற்கரைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவரும் தமிழில் படித்துத் தட்டுத்தடுமாறி மேலே வந்தவர்தான். கோ, வென்ட், கான் என்று வினைச்சொற்களை வகுப்பு முழுக்கக் கத்தவைப்பார். எதிர்ச்சொற்களைப் பலகையில் இரண்டு வரிசையாக எழுதிப்போட்டு, சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டே, இதை விட்டால் நாலு மார்க் போச்சு என்று பயமுறுத்துவார். கடைசியில் பத்தி. பத்து மார்க் அதில்தான். எந்தத் தலைப்பு கேட்டாலும் தயாராக இருக்க வேண்டும் என்று பழைய கோனார் நோட்ஸ்களையும் கைடுகளையும் அலசி ஏழெட்டுப் பத்திகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். அதை அப்படியே எழுத வேண்டும், ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது, மாற்றினால் தப்பு வரும், தப்பு வந்தால் மார்க் போகும் என்பது அவர் கட்டளை.

பிள்ளைகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கரைவலை இழுக்கும்போது ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் அதை வாங்கிக்கொண்டு இழுப்பார்களே, அந்தத் தாளத்தில் ஆங்கிலப் பத்தியைப் போட்டார்கள். முதல் பெஞ்சு பாதி வாக்கியத்தைச் சொல்லும், பின்பெஞ்சு மீதியைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே வாக்கியம் முடிந்தது. காற்புள்ளி முற்றுப்புள்ளிக்கெல்லாம் அங்கே மரியாதை கிடையாது. பத்து தடவை இழுத்தால் பத்தி கரையேறிவிடும். பிறகு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும், ஆனால் நடுவில் நிறுத்திக் கேட்டால் வராது. முதலிலிருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். குணசேகரனுக்கு இந்தச் சத்தம் ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது. மாதத் தேர்வில் பாதிக்கு மேல் தேறியதைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

அந்தப் பத்திகளில் ஒன்று சுனாமி. இந்தக் கரையில் இருந்துகொண்டு அந்தத் தலைப்பை விட முடியுமா? பரீட்சைக்கு எப்படியும் வரும் என்பது குணசேகரனின் கணக்கு. ஏதோ ஒரு கைடில் இருந்ததை அப்படியே பலகையில் எழுதிப்போட்டார். ஒரு பிள்ளை தன் அனுபவத்தைச் சொல்வதுபோல அமைந்த பத்தி அது.

வினோதினிக்கு அந்தப் பத்தி சீக்கிரம் பிடிபட்டது. அவளுக்கு இதில் பாஸ் பண்ணியே ஆக வேண்டும். கணக்கில் பயமில்லை, அறிவியலில் பயமில்லை, ஆங்கிலம்தான் காலை வாரிவிடும் என்று எல்லோரும் சொல்லிவைத்திருந்தார்கள். தேறாவிட்டால் இறால் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான் என்று அவள் அப்பா காத்தமுத்து கோபமில்லாமல், நடக்கப்போவதைச் சொல்வதுபோலச் சொல்லியிருந்தார். ஆனால் இந்தக் கதை பாஸைப் பற்றியது அல்ல. அவள் அம்மாவைப் பற்றியது.

தையல்நாயகி மூன்று வருஷமாக மகளோடு சரியாகப் பேசுவதில்லை. சண்டை கிடையாது, திட்டு கிடையாது. சோறு போட்டாச்சு, கதவைச் சாத்து, தண்ணி வந்திருக்கு பிடி. அவ்வளவுதான். அன்னக்கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கிறவள், வெளியில் நாலு பேரிடம் கலகலவென்று பேசுகிறவள்தான். வீட்டு வாசலை மிதித்ததும் வாய் பூட்டிக்கொள்ளும்.

காரணம் ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அலை வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. வினோதினி அப்போது ஏழாம் வகுப்பு, ஆங்கிலத்தில் மோசம், அதற்காகக் காரைக்கால் டவுனில் ஒரு டியூஷனுக்கு ஞாயிறு காலையில் போய்க்கொண்டிருந்தாள். அம்மா மீன் ஏலத்துக்குப் போகிற நேரம் என்பதால் நாலு வயதுத் தங்கை அபிராமியையும் எப்போதும் கூட்டிக்கொண்டு போவாள். பாப்பா அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருக்கும். அதற்கு முந்தின வாரம் அது அழுது ரகளை பண்ணிவிட்டது. இது என்ன பால்வாடியா என்று டியூஷன் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்த வெட்கம் வினோதினிக்குப் போகவில்லை. அன்று காலை பாப்பா எழுந்திருப்பதற்கு முன்னால், அம்மாவிடமும் சொல்லாமல், தனியாகக் கிளம்பிப் போய்விட்டாள். அவள் டவுனில் ஆங்கில வினைச்சொற்களின் கடந்தகாலம் எழுதிக்கொண்டிருந்தபோது கடல் கிளிஞ்சல்மேட்டுக்குள் வந்தது. அம்மா பிழைத்தாள், கடலுக்குப் போயிருந்த அப்பா பிழைத்தார். பாப்பாவை இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள்.

ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று அம்மா ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருக்கலாம், காலைப் பிடித்திருக்கலாம், நாலு அடி வாங்கியிருக்கலாம். கேட்காமலே இருந்தாள். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? வினோதினியும் சொல்லாமலே வளர்ந்தாள்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில், சுனாமிக் குடியிருப்பில் தங்களுக்குக் கொடுத்த வீட்டு வாசலில் உட்கார்ந்து அவள் அந்தப் பத்தியைச் சத்தம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். காய்ந்த கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள்.

“என்னா சொன்ன? சுனாமியா?”

வினோதினி திடுக்கிட்டுப்போனாள். அம்மா அவளிடம் கேள்வி கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. ஆமாம் என்றாள்.

“நம்ம சுனாமியா?”

“ஆமாம்மா. இங்கிலீஷ்ல.”

தையல்நாயகி கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். திரும்பச் சொல் என்றாள். வினோதினி சொன்னாள். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் மெல்லக் கேட்டாள்.

“அதுல பாப்பா வருதா?”

இங்கேதான் அந்தப் பெண் மாட்டிக்கொண்டாள். பத்தியில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் ஒரு சொல் தெரியும். ‘மை ஃபாதர், மை மதர், மை சிஸ்டர்’ என்று ஒரு இடம் வரும். சிஸ்டர் என்றால் தங்கச்சி. சுனாமியைப் பற்றிய பத்தியில் தங்கச்சியைப் பற்றி வேறு என்ன எழுதியிருப்பார்கள்? வருதும்மா, இதோ இந்த எடம் என்று அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்லிக் காட்டினாள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று உண்மையாகவே நம்பினாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தையல்நாயகி எந்த வேலையையும் போட்டுவிட்டு வந்து உட்காருவாள். மகள் சொல்லுவாள். சிஸ்டர் வருகிற இடம் வந்ததும் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்வாள். வாய்விட்டு அழ மாட்டாள், முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். ஆனால் அதற்குப் பிறகு பேச்சு வந்தது. முதலில் இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்க என்று வந்தது. பிறகு இன்றைக்கு மீனுக்கு ஆள் இல்லை, கோட்டுச்சேரி வரை நடந்தேன் என்று வந்தது. ஒருநாள், உனக்கும் பாப்பாவுக்கும் ஒரே மாதிரி முடி என்று சொல்லி வினோதினியின் தலையை இழுத்து வைத்துப் பின்னிவிட்டாள். அந்தக் கை தலையில் பட்டபோது பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பத்தியை எழுதிய யாரோ ஒரு கைடுக்காரரை அவள் மனதுக்குள் கும்பிட்டாள்.

மூன்றாம் வருஷ நினைவு நாள் வந்தது. அன்றைக்கு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். நினைவுத் தூணுக்கு மாலை போட்டு, கடலில் பாலூற்றிப் பூத் தூவுவார்கள். அந்த வருஷம் குடியிருப்பு கட்டிக்கொடுத்த தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு வெளிநாட்டு அம்மாள் வருவதாக இருந்தது. பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்று ஊர்ப் பஞ்சாயத்தார் வந்து கேட்டார்கள். குணசேகரன் யோசிக்கவே இல்லை. வினோதினி இருக்கிறாள், சுனாமிப் பத்தி இருக்கிறது, அப்புறம் என்ன?

அதைக் கேட்ட தையல்நாயகியைப் பார்த்திருக்க வேண்டும். ஏலக் கரையில் ஒருத்தி விடாமல் சொல்லிவிட்டாள். எங்க பாப்பாவைப் பத்தி என் பெரியவ இங்கிலீஷ்ல பேசப் போறா, வெள்ளைக்காரம்மா கேக்கப் போறாங்க. பிள்ளையைப் பறிகொடுத்த மற்ற பெண்கள் அவளை ஏக்கத்தோடு பார்த்தார்கள். பெட்டிக்குள் கிடந்த நல்ல புடவையை எடுத்து வெயிலில் போட்டாள்.

நினைவு நாளுக்கு முன்னால் அரையாண்டுத் தேர்வின் கடைசிப் பரீட்சை. அதை எழுதிவிட்டு வெளியே வந்தபோது நினைவு நாளில் சுனாமிப் பத்தியைத்தான் சொல்லப்போவதாக வினோதினி வகுப்புத் தோழி நௌஷினிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். நௌஷின் டவுனில் வளர்ந்தவள். வாப்பா ஷார்ஜாவில் கடை வைத்திருந்த நல்ல காலத்தில் கான்வென்ட்டில் படித்து, கடை நொடித்தபிறகு இந்தப் பள்ளிக்கு வந்தவள். அவளுக்கு ஆங்கிலம் படித்தால் புரியும். ஆனால் மார்க் வாங்கத் தெரியாது, சொந்தமாக எழுதி வைத்துத் திட்டு வாங்குவாள். அந்தப் பத்தியா, அதை எப்படி நீ அங்கே சொல்வாய் என்றாள் நௌஷின்.

ஏன் என்றாள் வினோதினி.

“அதுல எல்லாரும் பொழச்சிட்டோம்னுல்ல வருது. கடவுள் புண்ணியத்துல எங்க அப்பா, அம்மா, தங்கச்சி, நான் எல்லாரும் காப்பாத்தப்பட்டோம்னு.”

சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வந்த நௌஷின், தோழியின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நின்றாள். அவளுக்கு அபிராமி விஷயம் தெரியும். யா அல்லா, உனக்குத் தெரியாதா என்றாள். தெரியும் என்று நினைத்தேன், பரீட்சைக்குத்தானே என்று நீ படிப்பதாக நினைத்தேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வினோதினிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அம்மா முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்ட சாயங்காலங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எந்த வார்த்தைக்கு அம்மா அழுதாள்? பாப்பா பிழைத்துவிட்டது என்ற வார்த்தைக்கு. அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது யார்? இவள். பள்ளிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

குணசேகரனிடம் ஓடினாள். விடைத்தாள் கட்டை எண்ணிக்கொண்டிருந்தவர், என்னம்மா என்றார் நிமிராமல். அவள் சொல்லச் சொல்ல நிமிர்ந்தார். அவளுடைய தங்கை இறந்தது அவருக்குத் தெரியாது. இத்தனை பிள்ளைகளில் யார் வீட்டில் யார் போனார்கள் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அந்தப் பத்தியை இந்த வகுப்பில் எழுதிப்போட்டிருக்க மாட்டார். அந்த மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று. இருபது பிள்ளைகளையாவது அப்படிச் சொல்லவைத்திருப்பேன் என்று முணுமுணுத்தார். ஆனால் நல்லவர், உட்கார்ந்து அங்கேயே அவளுக்காக வேறு ஒன்று எழுதிக் கொடுத்தார். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் அர்த்தம் சொன்னார், அவளும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். ‘வி லாஸ்ட் மை லிட்டில் சிஸ்டர் அபிராமி.’ என் சின்னத் தங்கை அபிராமியை இழந்தோம். அவள் வாழ்க்கையில் முழுசாகப் புரிந்துகொண்ட முதல் ஆங்கில வாக்கியம் அதுதான்.

இதைத்தான் படித்துக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதானே, சின்னதுதானே என்று தோன்றும். அவளால் முடியவில்லை. பழைய பத்தி வெறும் சத்தம், இழுத்த இழுப்புக்கு வந்தது. இது அப்படி வரவில்லை. முதல் மூன்று வாக்கியம் ஓடும், நாலாவதாகப் பாப்பாவின் வாக்கியம் வந்ததும் நின்றுவிடும். தாளத்தில் போட்டுப் பார்த்தாள், பாப்பாவின் பெயரை வலைத் தாளத்தில் இழுக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. திரும்ப முதலிலிருந்து வருவாள், திரும்ப அங்கேயே நிற்பாள். வீட்டில் சத்தம் போட்டுப் படிக்கவும் பயம். அம்மா கேட்டால் இது வேறயா இருக்கே என்பாள். கடற்கரையில் படகு மறைவில் நின்று முணுமுணுத்தாள்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போனாள். முதல் தடவை அம்மா புடவைக்கு இஸ்திரி போடக் கொடுத்துவிட்டு வந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை, மகள் வாயைத் திறப்பதற்குள், எங்கே ஒரு தடவை சொல்லு கேப்போம் என்று வழக்கம்போல எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள். வினோதினி பழையதைச் சொன்னாள். சிஸ்டர் வருகிற இடத்தில் அம்மா முந்தானையை எடுத்தாள். அதைப் பார்க்க மாட்டாமல் இவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெண்ணும் அழுகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டு அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

நினைவு நாளன்று காலையில் கடற்கரை நிறைந்திருந்தது. நினைவுத் தூணுக்கு முன்னால் பந்தல். அதிகாரிகள், பஞ்சாயத்தார், நடுவில் அந்த வெளிநாட்டு அம்மாள். வெயிலில் முகம் சிவந்து, பார்க்கிற எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஷர்மிளா என்று நிறுவனத்தில் வேலை பார்க்கும் காரைக்கால் பெண். பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் முன்வரிசையில், கையில் பூவோடு. அதில் தையல்நாயகி. இஸ்திரி போட்ட புடவை, தலை நிமிர்ந்த நிலை. வினோதினி அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

மைக்கைக் கொடுத்தார்கள். புதியதைத்தான் சொல்வது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். நன்றாகவே ஆரம்பித்தாள். முதல் வாக்கியம், இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் ‘வி...’ என்றதோடு நின்றுவிட்டது. மீதி வாக்கியம் அபிராமி என்ற பெயரோடு வாய்க்குள்ளேயே கிடந்தது. முன்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் கடல். மைக்கில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஓரத்தில் நின்ற குணசேகரன் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தார், அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் அசைந்தது. அம்மா முகத்தில் கவலை வந்தது, தலையை லேசாக ஆட்டி, சொல்லு சொல்லு என்றாள்.

அப்போது நாக்கு தானாகப் புரண்டது. பழகின தடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய பத்தி முதல் வரியிலிருந்து வர ஆரம்பித்தது, அவளைக் கேட்காமலே வந்தது, நிறுத்த நினைத்தும் நிற்கவில்லை. ‘பை த கிரேஸ் ஆஃப் காட், மை ஃபாதர், மை மதர், மை சிஸ்டர் அண்ட் ஐ வேர் சேவ்ட்.’ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அர்த்தம் காதில் விழுந்தது. முன்வரிசையில் தையல்நாயகி முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்ற தாய்மார்களும் அழுதார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள்.

இத்தோடு போயிருந்தால்கூடப் போகிறது என்று விட்டிருக்கலாம். அங்கே ஆங்கிலம் புரிந்தவர்கள் நாலைந்து பேர், அவர்களும் பாதி கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வெளிநாட்டு அம்மாள் கவனித்திருந்தார். நல்ல மனது அவருக்கு. இவ்வளவு சாவைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வந்தவருக்கு ஒரு குடும்பமாவது முழுசாகப் பிழைத்ததே என்று இருந்திருக்கும். எழுந்து வந்து வினோதினியை அணைத்துக்கொண்டார். அம்மா எங்கே என்று கேட்டார். யாரோ கைகாட்ட, தையல்நாயகியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நெகிழ்ந்துபோய்ப் பேசினார். ஷர்மிளா சிரித்த முகத்தோடு மொழிபெயர்த்தாள்.

“உங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆவாம எல்லாரும் தப்பிச்சதைக் கேக்கவே அவ்வளவு சந்தோஷமா இருக்காம். உங்க சின்னப் பொண்ணையும் பாக்கணும்னு சொல்றாங்க.”

தையல்நாயகிக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் புரிய ஆரம்பித்தது.

“அப்படியா சொல்லுச்சு எம் பொண்ணு?” என்று ஷர்மிளாவிடம் கேட்டாள். “சிஸ்டருன்னு ஒரு எடம் வருமே. அங்கயா?”

“ஆமாங்கம்மா. அங்கதான்.”

ஷர்மிளாவுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. வெளிநாட்டு அம்மாள் சிரித்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். தையல்நாயகியின் கையில் பூ நசுங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் வீட்டில் தூங்குகிறாள் என்று சொல்லுங்கள், அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்றாள். சொல்லிவிட்டுக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, மற்ற தாய்மார்களோடு சேர்ந்து கடலை நோக்கி நடந்தாள்.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்த நேரத்தில் அவள் வந்து உட்காரவில்லை. மறுநாளும் வரவில்லை. வினோதினி அழுதாள், எனக்கு அர்த்தம் தெரியாதும்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தையல்நாயகி சரி என்றாள். கோபமாகக்கூட இல்லை, வெறும் சரி. சோறு போட்டாச்சு, கதவைச் சாத்து, தண்ணி வந்திருக்கு பிடி. வீடு மூன்று வருஷமாகப் பழக்கப்பட்டிருந்த மாதிரியே ஆகிவிட்டது. அப்பா நடுவில் பேசிப் பார்த்தார். புள்ள தெரியாமத்தானே செஞ்சுது என்றார். அவருக்கும் அதே சரிதான் கிடைத்தது.

மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆங்கிலம் இரண்டாம் தாளில், மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றிப் பத்தி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். இதற்குள் புதிய பத்தி அவளுக்கு எப்படியோ மனதில் ஏறியிருந்தது. படித்து ஏறவில்லை, மறக்க முடியாமல் ஏறியது. பழையதை எழுதினால் ஒரு தப்பும் வராது, பத்து மார்க் உறுதி. அவள் புதியதை எழுதினாள். நாலாவது வாக்கியத்தில் நிற்கவில்லை. அபிராமி என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். அதற்குக் கீழே, குணசேகரன் எழுதிக் கொடுக்காத ஒரு வாக்கியத்தைத் தானாகச் சேர்த்தாள். ‘ஐ லெஃப்ட் ஹெர் இன் ஹவுஸ், ஐ கோ டியூஷன்.’ தப்பு இருக்கும் என்று தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதிப் பழகிய கடந்தகாலம் அந்த நேரத்தில் கைக்கு வரவில்லை. ஆனால் எழுதிவிட்டாள். பரீட்சை ஹாலிலிருந்து வெளியே வந்தபோது முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. நேரே வீட்டுக்கு ஓடினாள்.

தையல்நாயகி கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மகள் மூச்சிரைக்க நின்று, பரீட்சையில் அந்தத் தலைப்பு வந்தது, இந்தத் தடவை சரியாக எழுதிவிட்டேன், பாப்பா போனதையே எழுதிவிட்டேன், நான் விட்டுவிட்டுப் போனதையும் எழுதிவிட்டேன் என்று கொட்டினாள். அம்மா எழுந்து வந்து கட்டிக்கொள்வாள் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அம்மா கூடையின் மேல் கையை வைத்தபடி அவளைப் பார்த்தாள்.

“அத யாரு படிப்பா?”

“திருத்துறவங்கம்மா. வெளியூர்ல.”

“அவங்களுக்குப் பாப்பாவத் தெரியுமா?”

தெரியாது என்று தலையாட்டினாள் வினோதினி.

“எனக்குத் தெரியும். நான் இங்கதானடி இருக்கேன். மூணு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். எவனோ ஒரு வெளியூர்க்காரனுக்கு இங்கிலீஷ்ல எழுதிட்டு வந்திருக்கியே, எங்கிட்ட ஒரு நாளு தமிழ்ல சொன்னியா, அன்னிக்கு ஏன் அவள விட்டுட்டுப் போனேன்னு?”

கேட்டேவிட்டாள். வினோதினி இத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி அதுதான். வாயைத் திறந்தாள். டியூஷன் மாஸ்டர் பால்வாடியா என்று கேட்டதையும், வெட்கத்தையும், பாப்பாவின் தூங்குகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தியதையும் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது? எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது? பிறந்ததிலிருந்து பேசிய தமிழில் ஒரு வார்த்தையும் வரவில்லை. இதை யாரும் அவளுக்கு எழுதிக் கொடுத்ததில்லை. தொண்டை வரை வந்ததெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வந்த அந்த ஒரு தப்பான வாக்கியம்தான், அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

தையல்நாயகி காத்திருந்தாள். வினோதினிக்காக அவ்வளவு நேரம் அந்த வீட்டில் யாரும் காத்திருந்ததில்லை. கழுவிய கூடையிலிருந்து தண்ணீர் வடிந்து நின்றது. பிறகு தையல்நாயகி தலையில் சும்மாட்டை வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு, சோறு மூடி வெச்சிருக்கேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.